பில்பாவோவின் சொந்தப் பிள்ளைகள் யார்?

நண்பர் கேட்டிருப்பது இது: "ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோ என்ற கிளப்பில் பாஸ்க் ரத்தம் உள்ளவர்கள் மட்டும்தான் ஆட முடியுமாமே, உண்மையா? அப்படியென்றால் வில்லியம்ஸ் சகோதரர்கள் எப்படி ஆடுகிறார்கள்? இத்தனை சின்ன இடத்தில் ஆள் பிடித்து எப்படி ஒரு தடவைகூட இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் இருக்கிறார்கள்?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான். ஒரு கிளப் யாரை 'நம்ம பையன்' என்கிறது, அதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அது. இதைச் சொல்லிவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் தானே வந்துவிடும்.

நான் 20 வருடத்துக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து பயிற்சி கொடுத்து வருகிறேன். சுற்றுவட்டாரத்துப் பையன்களை மட்டும் வைத்து ஓர் அணியை ஓட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். அதனாலேயே இந்தக் கிளப்பின் மேல் எனக்குத் தனிப் பிரியம். ஸ்பானிய மொழியில் விளையாட்டுச் செய்தி படிக்கிற அளவுக்குத் தெரியும். பாஸ்க் மொழி தெரியாது. ஆகவே அங்குள்ள அரசியலின் உள் நுணுக்கங்களில் என்னுடையது வெளியாள் பார்வைதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: ரத்தம் கணக்கில் இல்லை. கிளப் தன் கொள்கையாகச் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, வீரர் பாஸ்க் நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது அங்குள்ள ஏதாவது ஒரு கிளப்பிலோ அத்லெடிக்கின் சொந்தப் பயிற்சிக் கூடத்திலோ ஆட்டம் கற்று வளர்ந்திருக்க வேண்டும். பாஸ்க் நாடு என்பது ஸ்பெயின் பக்கம் பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலாவா, நவார்ரா என்ற நான்கு பகுதிகளும் பிரான்ஸ் பக்கம் மூன்று சிறு பகுதிகளும் சேர்ந்தது. மொத்த மக்கள்தொகை சுமார் 30 லட்சம். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பாஸ்க் குடும்பப் பெயரோடு ஏராளமானோர் இருக்கிறார்கள். தாத்தா பில்பாவோக்காரர் என்ற ஒரு காரணத்துக்காக அவர்களுக்குக் கதவு திறக்காது. இன்னொரு பக்கம், பெற்றோர் எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் பிள்ளை அங்கே பிறந்தாலோ, அங்கே பந்து உதைத்து வளர்ந்தாலோ கதவு திறந்தே இருக்கிறது. அப்புறம், இது சங்க விதிமுறைகளில் எழுதி வைத்த சட்டமும் கிடையாது. உறுப்பினர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் வாக்கு, அவ்வளவுதான். நாளை ஒரு தலைவர் இதை மீறினால் அவரை எந்த நீதிமன்றமும் தடுக்காது. ஆனால் அடுத்த தேர்தலில் அவருக்கு ஓட்டு விழாது.

இது எப்படி ஆரம்பித்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்நியர்களே வேண்டாம் என்று இருக்கும் இந்தக் கிளப்பின் விதையில் பாதி அந்நிய விதை. பில்பாவோ இரும்புத் தாது நகரம், துறைமுக நகரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனிலிருந்து சுரங்கத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த தொழிலாளர்கள் ஆற்றோரத்துத் திடலில் பந்து ஆடினார்கள். இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உள்ளூர் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அதே ஆட்டத்தோடு வந்தார்கள். இரண்டும் கலந்ததுதான் அத்லெடிக் கிளப். கிளப் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுவது 1898. அந்தப் பெயரையே பாருங்கள், ஸ்பானிய வழக்கப்படி 'அத்லெதிகோ' என்று இல்லாமல் ஆங்கில உச்சரிப்பில் இருக்கிறது. 1903இல் மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் அங்கே ஒரு கிளை ஆரம்பித்தார்கள். அதுதான் பின்னால் தனியாகப் பிரிந்து இன்றைய அத்லெதிகோ மாட்ரிட் ஆனது. இரண்டு அணிகளும் ஒரே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை அணிவதன் காரணமும் இந்தப் பந்தம்தான். 1910 வாக்கில் இங்கிலாந்துக்குச் சட்டை வாங்கப் போனவருக்கு வேண்டிய நீல வெள்ளைச் சட்டை போதுமான அளவு கிடைக்கவில்லை, கப்பல் ஏறும் நேரத்தில் சவுத்தாம்ப்டனில் சிவப்பு வெள்ளைச் சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நிறம் மாறியது உண்மை. சவுத்தாம்ப்டனா சண்டர்லாந்தா என்பதில் ஆளுக்கொரு பேச்சு இருக்கிறது. அந்தப் பகுதியைக் கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது.

உள்ளூர்க்காரர் மட்டும் என்ற வழக்கத்தை 1912லிருந்து எண்ணுவார்கள். அதற்கு முந்தைய வருடம் பில்பாவோவுக்குப் பக்கத்தில் நடந்த அரசர் கோப்பையில் (ஸ்பெயினின் தேசியக் கோப்பைப் போட்டி) அத்லெடிக் ஆங்கிலேய வீரர்களை இறக்கியது. அது செல்லாது என்று மற்ற அணிகள் தகராறு செய்தன. கோப்பை அத்லெடிக்குக்குத்தான் கிடைத்தது, ஆனால் அதற்குப் பிறகு வெளிநாட்டு வீரரை வைத்து ஆடும் பழக்கம் நின்றுபோனது. அன்றைக்கு இது ஒரு பெரிய இனக் கொள்கையாக யோசித்து எடுத்த முடிவு என்று சிலர் எழுதுகிறார்கள். பாஸ்க் தேசிய உணர்வு அந்தக் காலத்தில் வளர்ந்துகொண்டிருந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு தகராறில் பிறந்த பழக்கம் பின்னால் பெருமையாக மாறியது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பழக்கம் முதலில் வந்தது, அதற்கான தத்துவம் அப்புறம் வந்து சேர்ந்தது.

1913 ஆகஸ்டில் சான் மமேஸ் மைதானம் திறந்தார்கள். மமேஸ் என்பவர் ரோமானியர் காலத்துப் புனிதர். சிங்கங்களுக்கு முன்னால் தள்ளியும் அவை அவரைத் தின்ன மறுத்தன என்பது ஐதீகம். அதனால்தான் வீரர்களுக்குச் சிங்கங்கள் என்று பெயர், மைதானத்துக்குப் பேராலயம் என்று பெயர். அங்கே முதல் கோலைப் போட்டவர் ரஃபாயெல் மொரேனோ. 'பிச்சிச்சி' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1922இல் 29 வயதில் டைஃபஸ் காய்ச்சலில் இறந்துபோனார். ஸ்பானிய லீகில் அதிக கோல் அடிப்பவருக்கு ஒவ்வொரு வருடமும் தருகிற பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது. 1926லிருந்து அவருடைய மார்பளவுச் சிலை மைதானத்தில் இருக்கிறது. முதன்முறையாக சான் மமேஸில் ஆட வருகிற எந்த அணியும், அது எவ்வளவு பெரிய அணியானாலும், கேப்டன் கையில் ஒரு பூங்கொத்தோடு போய் அந்தச் சிலையின் அடியில் வைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும். நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன உள்ளூர்ப் பையனுக்கு வெளியூர்க்காரர் பூ வைக்கிற அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வெற்றிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1929இல் லீக் ஆரம்பித்தபோது இருந்த பத்து அணிகளில் இதுவரை ஒருமுறைகூடத் தரமிறங்காதவை மூன்று. ரியல் மாட்ரிட், பார்சலோனா, அப்புறம் அத்லெடிக். லீக் பட்டம் 8 முறை, கடைசி இரண்டு 1983லும் 1984லும். அரசர் கோப்பை 24 என்று ஸ்பானிய சம்மேளனம் கணக்கு வைத்திருக்கிறது. கிளப் 25 என்கிறது. 1902இல் அத்லெடிக்கும் இன்னொரு பில்பாவோ கிளப்பும் சேர்ந்து 'பிஸ்காயா' என்ற பெயரில் வென்ற கோப்பையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் அந்த ஒன்றின் தகராறு. 1931இல் பார்சலோனாவை 12-1 என்று அடித்தது இதே அணி. அதில் பாட்டா என்ற ஒரே ஆள் 7 கோல். அப்போதைய பயிற்சியாளர் ஃப்ரெட் பென்ட்லண்ட் ஓர் ஆங்கிலேயர். வட்டத் தொப்பி போட்டுக்கொண்டு திரிவார், பெரிய வெற்றி கிடைத்தால் வீரர்கள் அந்தத் தொப்பியைப் பிடுங்கி மிதித்து நசுக்குவார்கள். இதிலிருந்தே உங்களுக்குப் புரியும், பயிற்சியாளர் விஷயத்தில் அத்லெடிக் ஒருபோதும் எல்லை போட்டதில்லை. ஹைன்கெஸ் ஜெர்மானியர், பியெல்சா அர்ஜென்டினாக்காரர். அறிவை எங்கிருந்தும் வாங்கலாம், ஆடுகிற கால்கள்தான் இந்த மண்ணில் பழகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் 1941இல் வெளிமொழிப் பெயர்கள் கூடாது என்று உத்தரவு வந்து கிளப்பின் பெயரையே 'அத்லெதிகோ' என்று மாற்ற வேண்டியிருந்தது. பழைய பெயர் 1970களின் தொடக்கத்தில்தான் திரும்பியது. ஆனால் அந்தக் காலத்தைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1962லிருந்து 1973வரை ஸ்பெயினில் எந்தக் கிளப்பும் வெளிநாட்டு வீரரைப் புதிதாக எடுக்கக் கூடாது என்று தடை இருந்தது. உள்ளூர் வீரர்களை மட்டும் நம்பிய அத்லெடிக்குக்கு அது சாதகமான காலம். கொள்கை தன் பலத்தால் மட்டுமே நின்றது என்று ரசிகர்கள் சொல்லும்போது இந்தப் பகுதி விட்டுப்போகிறது. ஃபிராங்கோ இறந்த அடுத்த வருடம், 1976 டிசம்பர் 5 அன்று, பக்கத்து ஊர்ப் போட்டியாளரான ரியல் சொசியெதாத்தின் மைதானத்தில் இரண்டு கேப்டன்களும் ஒரு கொடியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடுத்திடலுக்கு வந்தார்கள். அத்லெடிக்குக்கு கோல்கீப்பர் இரிபார், அவர்களுக்கு கொர்தபாரியா. அது அப்போது தடை செய்யப்பட்டிருந்த பாஸ்க் கொடி. சொசியெதாத் வீரர் ஒருவரின் சகோதரி வீட்டில் தைத்துக் கொடுத்தது. அடுத்த மாதம்தான் அந்தக் கொடிக்குச் சட்ட அனுமதி கிடைத்தது.

சரி, எல்லைக்கோட்டுக்குத் திரும்புவோம். அது ஒரே இடத்தில் நின்றதில்லை என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆரம்பத்தில் பெரும்பாலும் பிஸ்காயா மாகாணம் மட்டும். பிறகு மெல்ல மெல்லப் பக்கத்து மாகாணங்கள் உள்ளே வந்தன. 614 ஆட்டம் ஆடிய இரிபாரே கிபுஸ்கோவா மாகாணத்துக் கடற்கரை ஊர்க்காரர்தான். 1996இல் லிசராசு வந்தபோது பிரான்ஸ் பக்கத்துப் பாஸ்க் வீரருக்கும் கதவு திறந்தது. அடுத்து எய்மெரிக் லபோர்ட். அவர் பிறந்தது பாஸ்க் எல்லைக்கு வெளியே, பிரான்ஸின் அஜான் நகரத்தில். பிரெஞ்சு பாஸ்க் பகுதியான பயோனில் ஒரு காலம் ஆடி, பிறகு அத்லெடிக்கின் கூடத்துக்கு வந்தார். பதினைந்து பதினாறு வயதுப் பையனை அப்படிப் பக்கத்தில் கொண்டுவந்து வளர்ப்பது கொள்கையைக் காப்பதா வளைப்பதா என்று பில்பாவோவிலேயே வாக்குவாதம் நடந்தது. என் கருத்து, வளைத்தார்கள். வளைக்கத் தெரிந்ததால்தான் ஒடியவில்லை.

தோலின் நிறத்தைப் பற்றிக் கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதையும் சொல்கிறேன். 1950களில் மிகெல் ஜோன்ஸ் என்று ஒரு வீரர். பிறந்தது இன்றைய எக்குவடோரியல் கினியில், சிறு வயதிலிருந்து வளர்ந்தது பில்பாவோவில். அத்லெடிக்குக்காக ஒரு சிநேக ஆட்டம் ஆடினார், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அத்லெதிகோ மாட்ரிட் போய்க் கோப்பைகள் வென்றார். வெளியில் பிறந்ததுதான் காரணம் என்று அன்று சொன்னார்கள். நிறம்தான் காரணம் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆவணத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாத விஷயம் இது. ஆனால் இன்றைய அளவுகோல்படி அவர் முழுத் தகுதி உள்ளவர் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அங்கேதானே வளர்ந்தார். கிளப்பின் முதல் அணியில் கறுப்பின வீரர் ஒருவர் ஆடியது 2011இல்தான். அவர் ஜோனஸ் ரமாலோ. இவ்வளவு தாமதம் ஏன் என்ற கேள்வியை எந்த நேர்மையான ரசிகரும் தட்டிக்கழிக்கக் கூடாது.

இப்போது வில்லியம்ஸ் சகோதரர்கள். பெற்றோர் கானாவிலிருந்து கிளம்பி சஹாரா பாலைவனத்தின் ஒரு பகுதியை நடந்தே கடந்தவர்கள். கொதிக்கும் மணலில் வெறுங்காலில் நடந்து தந்தையின் உள்ளங்கால் வெந்துபோனதை மூத்தவரான இனாக்கி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்கக் கரையில் உள்ள ஸ்பெயின் நகரமான மெலில்யாவின் எல்லை வேலியைத் தாண்டி கடைசியில் பில்பாவோ வந்து சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயர் இனாக்கி. 1994இல் பிறந்த மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள், அது சுத்தமான பாஸ்க் பெயர். குடும்பம் பிறகு நவார்ராவின் பம்ப்லோனாவுக்குக் குடிபெயர்ந்தது. 2002இல் தம்பி நிக்கோ அங்கே பிறந்தார். இனாக்கி 2015இல் தொரீனோவுக்கு எதிராகப் போட்டதுதான் அத்லெடிக்கின் வரலாற்றில் கறுப்பின வீரர் ஒருவரின் முதல் கோல். 2016 ஏப்ரலிலிருந்து 2023 ஜனவரி வரை லீகில் தொடர்ந்து 251 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல் ஆடினார். அண்ணன் கானா நாட்டுக்காக உலகக் கோப்பை ஆடினார், தம்பி ஸ்பெயினுக்காக 2024 யூரோ கோப்பை இறுதியில் கோல் போட்டார். நாடு வேறாகலாம், கிளப் ஒன்றுதான்.

எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்ற கடைசிக் கேள்விதான் ஒரு பயிற்சியாளனாக எனக்கு மிகவும் பிடித்தது. பதிலின் முதல் பாதி லெசாமா. நகரத்துக்குப் பக்கத்தில் 1971இல் திறந்த பயிற்சிக் கூடம். பத்து வயதுச் சிறுவர்களில் ஆரம்பித்து, படிப்படியாக பாஸ்கோனியா என்ற இணைப்பு அணி, அதற்கு மேல் இரண்டாம் அணியான பில்பாவோ அத்லெடிக், அதற்கு மேல் முதல் அணி. ஸ்பானிய மொழியில் இளையோர் அணிகளுக்குப் பெயர் 'கந்தேரா', கல்குவாரி என்று அர்த்தம். சுரங்க ஊருக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. பெரிய கிளப்புகளில் பதினாறு வயதுப் பையனுக்குத் தலைக்கு மேலே சுவர்தான் தெரியும், அவன் இடத்துக்கு அடுத்த கோடைக்காலம் இன்னொரு நாட்டிலிருந்து ஆள் வந்துவிடும். லெசாமாவில் அவனுக்குக் கதவு தெரிகிறது. நான் பயிற்சி கொடுத்த பையன்களில் திறமை இருந்தும் நின்றுபோனவர்களை எண்ணிப் பார்த்தால், பலருக்கும் குறையாக இருந்தது திறமை அல்ல, அடுத்த படி எது என்று தெரியாததுதான். பழைய சான் மமேஸின் கூரையைத் தாங்கிய பெரிய வளைவை, மைதானத்தை இடித்தபோது லெசாமாவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். தினமும் பயிற்சிக்கு வருகிற சிறுவர்கள் கண்ணில் படுகிற மாதிரி அது நிற்கிறது.

இன்னொரு பாதி பணமும் சட்டமும். 1990இல் ஸ்பெயினில் வந்த விளையாட்டுச் சட்டம் தொழில்முறைக் கிளப்புகளை நிறுவனங்களாக மாறச் சொன்னது. கணக்கு வழக்கு ஒழுங்காக இருந்த நான்கு கிளப்புகளுக்கு மட்டும் விலக்கு. ரியல் மாட்ரிட், பார்சலோனா, ஒசாசுனா, அத்லெடிக். அதனால் இன்றும் கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தம், தலைவரை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். யாரோ ஒரு முதலாளி வாங்கி ஒரே நாளில் கொள்கையைத் தூக்கிப் போட முடியாது. சட்டையில் விளம்பரம் போட ஒப்புக்கொண்டதே 2008இல்தான். வீரரை விற்பதற்கும் அவசரப்பட மாட்டார்கள். ஸ்பெயினில் ஒப்பந்தத்தில் ஒரு விடுவிப்புத் தொகை எழுதியிருப்பார்கள். அந்த முழுத் தொகையை லீக் அலுவலகத்தில் கட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், பேரம் பேச வராதீர்கள் என்பது அத்லெடிக்கின் வழக்கம். 2012இல் ஹாவி மார்த்தினெஸ் ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்கு 4 கோடி யூரோ, 2014இல் ஆன்டெர் எரேரா மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 3.6 கோடி, 2018இல் லபோர்ட் மான்செஸ்டர் சிட்டிக்கு 6.5 கோடி, அதே வருடம் கோல்கீப்பர் கெபா செல்சிக்கு 8 கோடி. நான்கு பேரில் மட்டும் 22 கோடி யூரோவுக்கு மேல். அதே வருடம் சொசியெதாத்தின் இனிகோ மார்த்தினெஸுக்கு 3.2 கோடி கட்டி எடுத்தார்கள். வாங்கக்கூடிய ஆட்கள் கொஞ்சம் பேர்தான் என்று எதிராளிக்கும் தெரிவதால் விலை எப்போதும் ஏறித்தான் இருக்கும். அதோடு, பக்கத்து ஊர்ச் சின்னக் கிளப்புகள் வளர்த்த பிள்ளைகளைப் பணத்தால் இழுக்கிறார்கள் என்ற கோபம் பம்ப்லோனாவிலும் சொசியெதாத்தின் ஊரான சான் செபஸ்தியானிலும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமும் உண்டு. ரியல் சொசியெதாத்தும் இதே வழக்கத்தைத்தான் பல காலம் வைத்திருந்தது, 1989இல் லிவர்பூலிலிருந்து ஜான் ஆல்ட்ரிட்ஜை எடுத்தபோது கைவிட்டது.

இது என்றைக்கும் நிற்குமா என்று கேட்டால், உறுதி சொல்ல முடியாது. 2006-07 பருவத்தில் கடைசி நாள் ஆட்டத்தில் லெவாந்தேவை வென்றுதான் 17ஆம் இடத்தில் தப்பித்தார்கள். அன்று இறங்கியிருந்தால் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

1984க்குப் பிறகு அரசர் கோப்பை கிடைக்க 40 வருடம் ஆனது. நடுவில் ஆறு இறுதி ஆட்டங்களில் தோல்வி. 2024 ஏப்ரல் 6 அன்று செவில்யாவில் மயோர்காவுடன் 1-1, பிறகு பெனால்டியில் 4-2. சில நாள் கழித்து பழைய வழக்கப்படி 'காபாரா' என்ற படகில் வீரர்களை ஏற்றி ஆற்றில் ஊர்வலம் விட்டார்கள், இரண்டு கரையிலும் லட்சக்கணக்கில் ஜனம். நேரம் கிடைத்தால் அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். சமன் செய்த கோலுக்குப் பந்தைக் கொடுத்தது நிக்கோ, போட்டது ஓய்ஹான் சான்செத், இருவரும் நவார்ராவில் பிறந்தவர்கள். பெனால்டியைத் தடுத்த கீப்பர் அகிர்ரெசபாலா கிபுஸ்கோவாக்காரர். கடைசிப் பெனால்டியைப் போட்ட பெரெங்குவெரும் நவார்ரா. கொள்கையின் ஆரம்ப காலத்துப் பிஸ்காயா அளவுகோலை வைத்தால் இந்த நால்வரில் ஒருவருக்கும் இடம் இருந்திருக்காது. அன்று ஆடியவர்களில் பில்பாவோ நகரத்திலேயே பிறந்து அந்தப் பழைய அளவுகோலிலும் தேறுகிறவர்களில் ஒருவர் இனாக்கி வில்லியம்ஸ்.